ஒரு கோலும் இரண்டு வளையங்களும்

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பந்து உருண்டை என்பது மட்டும். மற்றப்படி நான் கல்யாண வீடியோக்காரன். தாலி கட்டும்போது ஐயரின் முழங்கை மறைக்காத இடம் எது, மாப்பிள்ளையின் சித்தப்பா எத்தனையாவது கிளாஸுக்குப் பிறகு கமராவுக்கு முன்னால் ஆட வருவார், பெண்ணின் தகப்பன் அழப்போகிறார் என்பதை அவருடைய தொண்டையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது, இவைதான் என் படிப்பு. இந்தப் படிப்போடு பதினேழு வயதுப் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வேலைக்குப் போனேன். கூப்பிட்டவர்களுக்கும் வெட்கமில்லை, போன எனக்கும் இல்லை.

விஷயம் இதுதான். கால்பந்து நன்றாக ஆடும் பெண் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் படிப்புச் செலவைத் தாங்களே ஏற்று இடம் கொடுக்கின்றன. அங்குள்ள பயிற்சியாளர் லண்டனுக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. அதனால் பிள்ளைக்கு ஒரு நாலு நிமிட வீடியோ போகும். பத்துப் பதினைந்து துண்டுகள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் படம் ஒரு நொடி அப்படியே நிற்கும். பிள்ளையைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் விழும். இவளைப் பாருங்கள் என்று அர்த்தம். பிறகு படம் ஓடும்.

என் மனைவியின் தம்பி குட்மேய்ஸில் கடை வைத்திருக்கிறான். அவனுடைய மகள் ஒரு பெண்கள் அணியில் ஓரத்தில் ஓடி ஆடுகிறவள். "அத்தான், வெளியாளுக்குக் குடுத்தா ஏனோதானோவெண்டு செய்வான். நீங்கள் எடுங்கோ. உங்கட மருமகள்தானே," என்றான். எடுத்தேன். மெதுவாக ஓடும் காட்சி வைத்தேன். வயலின் வைத்தேன். பெயர் வரும் இடத்தில் ரோசாப்பூ இதழ்கள் விழுந்தன. பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு, "இவள் பந்து விளையாடுகிறாளா, கல்யாணம் கட்டுகிறாளா?" என்று கேட்டு, திருப்பிச் செய்யச் சொன்னார். எனக்கு ரோஷம் வரவில்லை. கேள்வி சரியானதுதான்.

அந்த ஏஜென்ட் ஞாயிறுதோறும் நான் படமெடுக்கும் மைதானத்துக்கு வருவார். கையில் ஒரு படிவம். உயரம், எலும்பு, தோள், இன்னும் வளருமா, வளராதா. மாடு பார்க்க வந்தவரைப்போலப் பிள்ளைகளைச் சுற்றி நடப்பார். ஒருநாள் பிளேஸ்டோவிலிருந்து வந்து மருமகளின் அணியில் ஆடும் பிள்ளை ஒன்றையும் அதன் தாயையும் முதுகோடு முதுகு நிற்கவைத்து உயரம் பார்த்தார். தாய் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். கோட்டுக்குக் கீழே வேலை உடுப்பு தெரிந்தது. மகளின் தலைக்கு மேலே ஏஜென்ட் கையை வைத்து, அப்படியே தாயின் தலைக்குக் கொண்டுபோய், உதட்டைப் பிதுக்கினார். பிறகு தாயிடம், "உன் அண்ணன் தம்பிமார் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். தாய் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நான் ஐந்தடி நாலங்குலம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இவங்கள் மனிசரே இல்லை," என்று சொன்னேன்.

அந்தக் கோபம் மூன்று ஞாயிறு நின்றது. நாலாவது கிழமை, கமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, மச்சான் கொண்டுவந்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, நானும் மச்சானும் பிள்ளைகளுக்குப் புள்ளி போடத் தொடங்கிவிட்டோம். கோல் காக்கிறவள் குண்டு. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொத்திக் கால். படிவம் இல்லாததுதான் ஒரே வித்தியாசம்.

அந்த நாலாவது கிழமைதான் அந்தக் கோல் விழுந்தது. விடியற்காலையில் தொடங்கிய மழை. சட்டையின் எண் தெரியாத அளவுக்குச் சேறு. பந்து கூட்டத்துக்குள்ளிருந்து தெறித்து வெளியே வந்தது. பிளேஸ்டோப் பிள்ளை ஓடிக்கூட வரவில்லை. தான் நின்ற இடத்துக்கே பந்தை வரவிட்டு ஒரே அடி. பந்து எல்லாருடைய தலைக்கும் மேலாகப் போய் மூலையில் இறங்கியது.

அந்தக் கிழமையே தாய் என்னிடம் வந்து, "அண்ணை, என்ட பிள்ளைக்கும் ஒண்டு செய்து தருவியளே? அவளுக்கு இதை விட்டா வேற வழியில்லை," என்றார். பிள்ளைக்கு இங்கேயும் பல்கலைக்கழக இடம் கிடைக்கும். ஆனால் அதற்குக் கடன் எடுக்க வேண்டும். அதைவிட, அவளுக்கு ஆட வேண்டும். படிப்பும் ஆட்டமும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அமெரிக்கா ஒன்றுதான். செய்து கொடுத்தேன். வயலின் இல்லை, பூ இல்லை. கடைசித் துண்டு அந்தக் கோல். அவளைச் சுற்றி மஞ்சள் வளையம். அழகான வளையம்.

மூன்று கிழமை கழித்து மச்சான் வந்தான். மகளுடைய வீடியோவில் கோல் இல்லை என்பது அவனுடைய கவலை.

"அவள் ஓரத்தில ஓடுறவள் மச்சான். கோல் அடிக்கிறது அவளின்ட வேலையில்லை," என்றேன், ஏதோ தெரிந்தவன்போல.

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அமெரிக்காக்காரனுக்குத் தெரியுமோ? அத்தான், ஒரேயொரு கோல். அண்டைக்கு மழைக்குள்ள அடிச்ச கோல் இருக்கெல்லோ."

"அது மற்றப் பிள்ளை அடிச்சது."

"சேத்துக்குள்ள ஆர் கண்டது? ரெண்டு பேரும் ஒரே கொண்டை, ஒரே நிறம். தூரத்தில நிண்டு பாத்தா எனக்கே என்ட பிள்ளை எதெண்டு தெரியேல்லை. வளையத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா முடிஞ்சுது."

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் என் தொழிலில் இது பிழையே இல்லை. என்னிடம் ஒரு நிலா இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த நல்ல முழுநிலா. எந்தக் கல்யாண வீடியோ செய்தாலும் முதலில் அதைத்தான் போடுவேன். லண்டன் தமிழர் பாதிப்பேர் ஒரே நிலாவுக்குக் கீழேதான் கல்யாணம் கட்டியிருக்கிறார்கள். ஒருவரும் முறையிட்டதில்லை. நிலாவை இரண்டு பேருக்குக் கொடுக்கலாமென்றால் கோலையும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு துண்டை வெட்டினேன், பந்து தெறிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினேன், பக்கத்தில் நின்ற மருமகளின் மேல் வளையத்தைப் போட்டேன். பிறகு பந்தை மட்டும் காட்டினேன். பத்து நிமிட வேலை. நன்றாகவும் வந்திருந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

இரண்டு வீடியோவையும் ஏஜென்ட் ஒரே பயிற்சியாளருக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. அமெரிக்கா பெரிய நாடு என்று நினைத்திருந்தேன்.

பயிற்சியாளர் பெண். அவர் எழுதிய பதிலை ஏஜென்ட் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். ஒரே கோல், இரண்டு வீடியோ, இரண்டு பிள்ளைகளைச் சுற்றி வளையம். இரண்டு குடும்பத்தில் ஒன்று பொய் சொல்கிறது. யார் என்று தேடுவது தன் வேலையில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த ஆட்டத்தின் முழு வீடியோவும், கமராவிலிருந்து வந்தபடியே, வெட்டாமல், ஒலியையும் நீக்காமல், வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. முழு வீடியோவும் என்னிடம் இருக்கிறதே, அனுப்பிவிட்டால் சரி என்று நினைத்தேன். கணினியில் போட்டு ஓடவிட்டேன். அப்போதுதான் ஒலியைக் கேட்டேன்.

கமராவின் மைக்குக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்கள் ஒன்றரை மணித்தியாலம் நின்று மென்றுகொண்டிருந்தார்கள். மெல்லும் இடைவெளியில் கதைத்தார்கள்.

"பாருங்கோ அத்தான், அந்தப் பிளேஸ்டோப் பிள்ளை பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குது."

"அதுவும் வராத பஸ்ஸுக்கு."

"தாய் கட்டை. மகளும் உந்தளவுதான்."

"காலுக்குக் கீழ நாலு செங்கல் வைச்சுத்தான் அமெரிக்காவுக்கு அனுப்போணும்."

செங்கல் சொன்னது நான். பிறகு மச்சான், "வேலை உடுப்போட வந்து நிக்கிறா, பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப்பாம்," என்றான். சிரித்தேன். கல்யாண வீடியோவில் யாராவது அப்படிச் சிரித்திருந்தால் நான் ஒலியை எடுத்துவிட்டு நாதஸ்வரம் போட்டிருப்பேன்.

மச்சானிடம் சொன்னேன். "மைக் பழுதெண்டு சொல்லுங்கோ," என்றான் உடனே. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. கடையின் பின்னறையில் நின்று என்ன எழுதலாம் என்று இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தபோது மருமகள் உள்ளே வந்தாள். அவளுக்கு வளையத்தைப் பற்றி அதுவரை ஒன்றும் தெரியாது. தகப்பன் ஒரு மாதிரி விழுங்கி விழுங்கிச் சொன்னான்.

"வெயிட். அவளின்ட கோலை எனக்குப் போட்டீங்களா?" என்று கேட்டாள் என்னைப் பார்த்து.

"ஒரு உதவிக்கு..."

"மாமா, ஐ பாஸ் த பால் டு ஹர் எவ்ரி வீக். அவள் என்ட ஃப்ரெண்ட். அந்த மட்ச்சில விளையாடின எல்லாருக்கும் அது ஆர் அடிச்சதெண்டு தெரியும். இது டிஸ்கஸ்டிங், மாமா."

பிறகு வீடியோவைக் கேட்க வேண்டும் என்றாள். போட்டேன். செங்கலுக்கு வந்ததும் தானே நிறுத்தினாள். தகப்பனின் முகத்தைப் பார்க்காமல், "சவுண்டோடதான் அனுப்புறீங்கள். அதுக்கு முதல் அவளுக்கும் அவளின்ட அம்மாவுக்கும் காட்டுறீங்கள். நானும் வாறன்," என்றாள்.

மச்சான் வரவில்லை. கடையில் டெலிவரி இருந்ததாம்.

பிளேஸ்டோ வீட்டில் தாய் எங்களைச் சோபாவில் இருத்தி, கேட்காமலே தேத்தண்ணி வைத்தார். நான் எழும்பி நின்று வளையத்தின் கதையைச் சொன்னேன். பிழைவிட்டது நான், உங்கள் பிள்ளையில் ஒரு குற்றமுமில்லை என்றேன். மகள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் தலையை ஆட்டினாள். அவர்களுக்குள் அதோடு முடிந்துவிட்டது.

"அனுப்ப முதல் நீங்கள் ஒருக்காப் பாக்கோணும். அதில நாங்கள் கொஞ்சம் கதைச்சிருக்கிறம்," என்று சொல்லி மடிக்கணினியைத் திறந்தேன். கொஞ்சம் என்ற சொல்லை எந்த முகத்தோடு சொன்னேனோ தெரியவில்லை. தொடக்கத்தில் மழைச் சத்தம். பிறகு என் வாய். நான் கையை நீட்டி வேகமாக ஓட்டப் பார்த்தேன்.

"ஓட்டாதேங்கோ அண்ணை. முழுக்கப் பாப்பம்," என்றார் தாய்.

முழுக்கப் பார்த்தோம். பஸ் வந்தது. செங்கல் வந்தது. வேலை உடுப்பு வந்தது. அதற்குப் பிறகு என் சிரிப்பு, நான் நினைத்திருந்ததைவிட நீளமாக வந்தது. தாய் அன்றைக்கும் அந்த உடுப்போடுதான் இருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகளுக்குத் தமிழ் பேச வராது, ஆனால் விளங்கும். "அங்கிள், யூ ஈட் ரியலி லவுட்லி," என்று மட்டும் சொன்னாள். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்தச் சோபாவுக்குள் புதைந்து போகலாம்போல இருந்தது, ஆனால் அது சின்னச் சோபா.

கோல் வந்தது. திரையில் எல்லாரும் கத்தினார்கள். கமராவுக்குப் பக்கத்தில் மட்டும் அமைதி. பிறகு மச்சானின் குரல்: "சே, உது அடிச்சிட்டுது." என்னுடைய குரல்: "கண்ணை மூடிக்கொண்டு அடிச்சிருக்கும்."

தாய் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்களுக்கு அண்டைக்கே வடிவாத் தெரியும் அண்ணை, ஆர் அடிச்சதெண்டு."

"ஓம் தங்கச்சி."

"அனுப்புங்கோ."

அங்கேயே, அவர்கள் வீட்டு வைஃபையில் அனுப்பினேன். பெரிய ஃபைல். போய் முடிய நாற்பது நிமிடம் எடுத்தது. அந்த நாற்பது நிமிடமும் நான் அங்கே இருக்க வேண்டியிருந்தது. ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பதில் இரண்டு கிழமை கழித்து வந்தது. ஏஜென்ட் எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். மருமகளின் பெயரை நீக்கிவிட்டார்கள். அவளுக்கு அதில் கவலையில்லை என்றாள், அவள் போக நினைத்தது இங்கேயே லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்குத்தான். ஆனால் அமெரிக்கா வேண்டாம் என்பதை அவளாகச் சொல்லியிருக்க வேண்டும், என் வளையம் சொல்லியிருக்கக்கூடாது. மச்சானோடு அவள் இன்னும் சரியாகக் கதைப்பதில்லை. என்னை மாமா என்கிறாள், வேறு ஒன்றும் சொல்வதில்லை.

மற்றப் பிள்ளையைப் பற்றி எழுதிய இடத்தில் அந்தக் கோலைப் பற்றி ஒரே வரிதான். நல்ல அடி, ஆனால் நல்ல அடி அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். மீதி முழுவதும் நாற்பத்தோராவது நிமிடத்தைப் பற்றி. பந்து மற்றப் பக்கத்தில் இருக்கும்போது இவள் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள், தோளுக்கு மேலாக எத்தனை தரம் திரும்பிப் பார்க்கிறாள் என்று பாருங்கள், பந்து இங்கேதான் வரப்போகிறது என்று அவளுக்கு மட்டும் தெரிகிறது, இதை நான் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது, எனக்கு இந்தப் பிள்ளை வேண்டும். நான் அந்த நிமிடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று மச்சான் சொன்ன இடம் அது. நான் கமராவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்திருக்கிறேன், எடுத்திருக்கிறேன், நாலு நிமிட வீடியோ செய்யும்போது ஒன்றுமே நடக்கவில்லை என்று வெட்டி எறிந்திருக்கிறேன்.

ஓகஸ்ட்டில் பிள்ளை புறப்படுவதற்கு முந்திய கிழமை தாய் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, அந்த முழு வீடியோவில ஒரு கொப்பி வேணும்."

"சத்தத்தை எடுத்துப்போட்டு வடிவாச் செய்து தாறன் தங்கச்சி."

"வேண்டாம். சத்தத்தோட தாங்கோ. அவள் கேக்கிறாள். அங்க ஒவ்வொரு மட்ச்சுக்கும் முதல் போட்டுக் கேக்கப்போறாளாம்."

ஓம் என்றேன். கொப்பி எடுத்துக்கொண்டு போனேன். தாய் கதவடியில் வந்து வாங்கினார், நன்றி சொன்னார். உள்ளே வரச் சொல்லவில்லை.