தம்பி விட்டுப்போன சிலந்தி

தம்பிக்குக் கனடா விசா கிடைத்ததும் பெங்களூரு வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தான். கட்டில், அலமாரி, பைக் எல்லாவற்றையும் அங்கேயே விற்றுவிட்டான். விற்க மனம் வராத ஒன்றை மட்டும் ரயிலில் மடியில் வைத்தபடி தஞ்சாவூர் வரை கொண்டுவந்திருந்தான். காற்றுக்குத் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே தேங்காய் நார்த்தூள் மேல் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. உடம்பெங்கும் பொன்பழுப்பில் சுருள் சுருளாக முடி. டரான்டுலா என்றான். பூர்வீகம் மத்திய அமெரிக்கா, ஆனால் இது யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் பிறந்து வளர்ந்தது, பெண், இன்னும் பல வருஷம் உயிரோடு இருக்கும் என்றெல்லாம் சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, நீ ஆயிரக்கணக்கான முட்டையோட குடும்பம் நடத்துற. இது ஒண்ண பாத்துக்க மாட்டியா?"

பட்டுக்கோட்டை சாலையில் எங்களுக்கு ஒரு ஹேச்சரி இருந்தது. கோழி முட்டையும் வாத்து முட்டையும் இயந்திரத்தில் அடைவைத்துக் குஞ்சு பொரித்து விற்போம். வெளிவேலை எல்லாம் என் கணவருடையது, முட்டை அறை என்னுடையது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எந்த முட்டை கூமுட்டை, எதில் கரு ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் தம்பி கேட்டபோது எனக்குப் பயமொன்றும் வரவில்லை. என் கணவர்தான் இரண்டடி தள்ளி நின்று, "கடிச்சா என்ன ஆகும்?" என்றார். குளவி கொட்டினது மாதிரி இருக்கும் மாமா என்றான் தம்பி. கடிப்பதைவிட முதுகு ரோமத்தைக் காலால் உதறிவிடுவதுதான் இதன் வழக்கம், அது பட்டால் அரிக்கும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறப் போனான்.

பார்த்துக்கொள்வது சுலபமாகத்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரு கரப்பான்பூச்சி, ஒரு மூடி தண்ணீர். வாசனை இல்லை, சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் டப்பா இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார மாட்டார்கள். மற்றபடி அது இருப்பதே தெரியாது.

குஞ்சு எடுக்கலாம் என்ற யோசனை என்னுடையதுதான். ஒரு பெட்டையைச் சும்மா வைத்திருப்பது என் தொழிலுக்கு ஒத்துவராத விஷயம். தம்பியிடம் சொன்னேன். அவன் இணையத்தில் விசாரித்து, நாகூரில் ஒருவரிடம் இதே இனத்தில் ஆண் இருப்பதைக் கண்டுபிடித்தான். துபாயில் பல வருஷம் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடியதால் ஊர் திரும்பி, செல்போன் கடை வைத்திருந்தார். ஒரு காலையில் மஞ்சள் பையில் டப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் முட்டை அறையைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டார். பார்த்துவிட்டு, "சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேங்க அக்கா" என்றார்.

சிலந்தி வளர்ப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டாம். ஆணைக் கொடுத்தவருக்கு, குஞ்சு பொரித்தால் பாதி. "அப்ப இது வாரச் சாகுபடிதான். விளைஞ்சா ஆளுக்குப் பாதி" என்றார் என் கணவர். நாகூர்க்காரர் சிரித்துவிட்டார்.

ஆணைப் பெண்ணின் பெட்டிக்குள் விட்டோம். நாகூர்க்காரர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், என் கையில் ஒரு பெயின்ட் பிரஷ். பெண் பாய்ந்தால் நடுவில் மறிப்பதற்கு. ஆண் ஒல்லி, கால்கள் நீளம். ஓரமாக நின்று முன்னங்கால்களால் தரையைத் தட்டியது. நிறுத்தியது. மறுபடி தட்டியது. "மாப்பிள்ளை வாசல்லயே நிக்கிறாரே" என்றார் என் கணவர். அப்போது உள்ளே இருந்து பெண் பதிலுக்குத் தட்டியது. அந்தச் சத்தம் பிளாஸ்டிக் வழியாக எங்களுக்கே கேட்டது. அதன்பிறகு ஆண் தயங்கவில்லை. முன்னங்காலில் இருக்கும் கொக்கியால் பெண்ணின் கொடுக்குப் பற்களைத் தாங்கிப் பிடித்து நிமிர்த்தி, வேலையை முடித்துக்கொண்டு பின்வாங்கி ஓடியது. ஸ்கேலுக்கு வேலையே வரவில்லை.

மார்கழியில் ஒரு காலை பார்த்தால், பெட்டி முழுக்க நூல். நடுவில் பெண் ஒரு வெள்ளை உருண்டையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தது. எலுமிச்சம்பழ அளவு. அதுதான் முட்டைப்பை. அதைக் கால்களால் அவ்வப்போது மெல்ல உருட்டி உருட்டி வைத்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. முட்டையைத் திருப்பாமல் ஒரே பக்கமாக வைத்தால் கரு ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும். எங்கள் இயந்திரமும் தட்டுகளைச் சாய்த்துச் சாய்த்து இதைத்தான் செய்கிறது.

தை பிறந்ததும் சம்பா அறுவடை தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் வயலில் அறுவடை இயந்திரம் இறங்கி நாள் முழுக்க ஓடியது. நெல் ஏற்ற வந்த டிராக்டர்கள் சுவரோரமாக நின்று உறுமின. தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. மறுநாள் பெட்டியில் உருண்டை இல்லை. கந்தல்போல் கொஞ்சம் வெள்ளை நூல் மட்டும் ஒரு மூலையில் கிடந்தது. தாயே தின்றுவிட்டது. தொந்தரவு என்று பட்டால் அப்படிச் செய்யும், சகஜம்தான் என்று தம்பி வீடியோவில் ஆறுதல் சொன்னான். எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. அடுத்த முறை முட்டைப்பையைத் தாயிடம் கடைசிவரை விடப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கோடையில் அது தோலுரித்தது. தோலுரித்தால் பழைய சேர்க்கை பயன்படாது என்பதால் ஆடியில் நாகூர்க்காரர் மறுபடி வந்தார். அதே ஆண்தான், ஒரு கால் குறைந்து, நடை தளர்ந்து. இருந்தும் தட்டியது, பதில் வந்தது. அடுத்த மாதமே அந்த ஆண் செத்துவிட்டதாக அவர் போனில் சொன்னார். இதன் ஆண்களுக்கு ஆயுசு அவ்வளவுதான்.

புரட்டாசியில் இரண்டாவது முட்டைப்பை வந்தது. ஐப்பசி கடைசியில், உள்ளே முட்டைகள் குஞ்சாகத் தொடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு, எடுக்கப்போகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன்.

"அவசரப்படாதக்கா. எப்படிப் பாத்துக்கணும்னு தாய்க்குத் தெரியும்."

"போன தடவையும் தாய்தான் பாத்துச்சு."



நீளக் கரண்டியும் இடுக்கியும் வைத்துக்கொண்டு எடுத்தேன். அவ்வளவு சாதுவான பிராணி, முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நின்றது. இடுக்கியைப் பிடித்து இழுத்தது. ரோமத்தை உதறி என் முழங்கை வரை அரிக்கவைத்தது. உருண்டை வெளியே வந்த பிறகும் நெடுநேரம் பெட்டியின் நாலு மூலையையும் காலால் தடவித் தடவித் தேடியது. அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சின்னக் கத்தரியால் நூலைப் பிரித்தேன். வெந்த ஜவ்வரிசிக்குக் கால் முளைத்ததுபோல் நூற்றுக்கணக்கில் இருந்தன. முட்டையும் இல்லை, சிலந்தியும் இல்லை, இடைப்பட்ட ஒன்று. மெதுவாகக் காலை அசைத்தன. ஒரு டப்பாவின் அடியில் ஈரப் பஞ்சு வைத்து, மேலே மெல்லிய நைலான் காலுறையைத் தூளிபோல் இழுத்துக் கட்டி, அதில் அவற்றைக் கொட்டிப் பரப்பினேன். தாய் உருட்டியதற்குப் பதிலாக, அடுப்பில் சோறு வைக்கப் போகும்போதும் வரும்போதும் டப்பாவைக் கொஞ்சம் சாய்த்துவிட்டுப் போவேன். கறுத்துப்போனவற்றைப் பிரஷ்ஷால் பொறுக்கி எறிவேன். ஒன்று பூசணம் பிடித்தால் பக்கத்தில் இருப்பதும் போய்விடும்.

அப்போதுதான் புயல் வந்தது.

விடிந்து கதவைத் திறந்தால் எங்கள் தெருவே எனக்கு அடையாளம் தெரியவில்லை. தென்னைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து கம்பிகள் வயலில் விழுந்திருந்தன. ஹேச்சரிக் கூரைத் தகடு பாதி பறந்து, இயந்திரத்துக்குள் மழைநீர். ஜெனரேட்டர் ஓடுகிறவரை ஓட்டினோம். டீசல் எங்கும் கிடைக்கவில்லை. கோழி முட்டைக்குச் சூடு சரியாக இருந்தாக வேண்டும், குறைந்தால் கரு தாங்காது. அத்தனை முட்டையும் போயிற்று. என் கணவர் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வந்து குழியில் கொட்டினார். நானும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

குழியை மூடிவிட்டு வந்த பிறகுதான் சிலந்திக் குஞ்சுகளின் டப்பாவைத் திறந்தேன். கால்கள் அசைந்தன. இதற்கு அவ்வளவு சூடு வேண்டாம், நாம் இருக்கிற அறையின் கதகதப்பே போதும். ஆனால் மழைக்காற்று சில்லென்று வீசிக்கொண்டிருந்தது. கோழித் தடுப்பூசி வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவித் துடைத்து, டப்பாவை உள்ளே வைத்து, சுற்றிலும் வெந்நீர் பாட்டில்களை அடுக்கினேன். நல்லவேளை, சிலிண்டரில் கேஸ் இருந்தது. பாட்டில் ஆறினால் மாற்றுவேன். நான் புயல் நிவாரண முகாமில் சமைக்கப் போன பொழுதுகளில் என் கணவர் மாற்றினார். நான் சொல்லவில்லை. திரும்பி வந்து பாட்டிலைத் தொட்டால் சூடாக இருக்கும்.

சாலையில் மரங்களை வெட்டி ஒதுக்கி பஸ் விட்டதும் நாகூர்க்காரர் வந்துவிட்டார். ஒரு கையில் டீசல் கேன், மறு கையில் பன் பாக்கெட்டுகள். குஞ்சுகளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கூரையைப் பார்த்தார், மூடிய குழியைப் பார்த்தார். என் கணவரோடு சேர்ந்து கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார். சாப்பிட உட்கார்ந்தபோது நான்தான் தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்தேன்.

முந்தின வாரம்வரை வெள்ளையாக இருந்தவை தோலுரித்துக் கறுத்திருந்தன. தூளி முழுக்க மிளகளவுச் சிலந்திகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடிக்கொண்டிருந்தன. அவர் பன்னைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, இத்தனையுமா?"

"பாதி உங்களுது. எடுத்துக்கங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கத்தாருக்கு விசா வந்திருப்பதையும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிளம்பவேண்டியிருப்பதையும் அப்போதுதான் சொன்னார். கடையை மச்சானிடம் விட்டிருந்தார். மனைவிக்குச் சிலந்தி என்றாலே ஆகாது. "என் பங்கையும் நீங்களே வளத்துடுங்க" என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் இன்னொரு பன்னை எடுத்து டீயில் நனைத்தபடி, "வளக்கட்டும். அந்த ரூம் காலியாத்தானே கெடக்கு" என்றார்.

கரண்ட் வருவதற்குள் ஒவ்வொரு குஞ்சையும் ஒரு சின்ன மருந்து டப்பாவில் பிரித்து வைத்துவிட்டேன். சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று தின்னும். விழுந்து கிடந்த மரங்களைப் பிளந்தால் கரையான் கிடைத்தது, அதுவே முதல் தீனி. என் விரல் நகத்தைவிடச் சின்ன உயிர், தன்னைப்போல் இரண்டு மடங்கு கரையானைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்ணுக்குள் போவதைப் பார்த்தால் வேறு வேலை ஓடாது. தாய்ச் சிலந்தியும் ஒரு வாரம் தீனி தொடாமல் இருந்துவிட்டுப் பிறகு சாதாரணமாகிவிட்டது.

ஹேச்சரியைப் பாதி அளவில் மறுபடி தொடங்கினோம். மீதிப் பாதியில் சுவருக்கு வெள்ளையடித்து, தச்சரை வைத்து அலமாரி அடித்து, டப்பாக்களை அடுக்கினேன். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வளர்ப்பவர்கள் நேரில் வந்து வாங்கிப்போனார்கள். வெளிநாடு கிளம்புகிறவர்கள் சிலர் தங்கள் சிலந்திகளை என்னிடமே கொண்டுவந்து விட்டார்கள். கத்தாரிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ அழைப்பு வரும். நான் போனைக் கையில் பிடித்து, அவர் பங்கு இருக்கிற தட்டு ஓரமாக மெதுவாக நடப்பேன். அவர் ஒவ்வொரு டப்பாவாக நிறுத்தச் சொல்லிப் பார்ப்பார்.