கூட்டணிக்கு ஒரு சேவல்

ஜவ்வாது மலைமேல் பஸ் திரும்புகிற இடத்தில் சின்னதம்பியின் டீக்கடை. அங்கே போண்டா போடுவது அவர் மருமகள் பாஞ்சாலை. அவளிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. பார்சல் கட்டப் பழைய பேப்பரைக் கிழிக்கும் முன் அதை ஒரு பார்வை பார்ப்பாள். பிரிட்டன் என்றோ லண்டன் என்றோ ஒரு சொல் கண்ணில் பட்டுவிட்டால் போதும், அந்தத் தாளை நாலாக மடித்துச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு வேறு தாள் தேடுவாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். பார்சல் கேட்டவன் காலை மாற்றி மாற்றி நின்று தவிப்பான். அவளுக்கென்ன! "லண்டன் பேப்பர்ல போண்டா கட்டமாட்டா நம்ம பாஞ்சாலை. சினிமா பேப்பர் வர்ற வரைக்கும் நில்லு நைனா" என்று பெஞ்சில் இருக்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். அவள் புருஷன் அன்பரசன் 2010 செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்கப் போனான். கல்யாணமாகி எட்டே மாதம். அத்தை மகன்தான், சின்ன வயசிலிருந்து மச்சான் மச்சான் என்று பின்னாலேயே திரிந்தவள். எங்கெங்கேயோ எழுதிப் போட்டு, உதவித்தொகை வாங்கி, இந்த மலையிலிருந்து கடல் தாண்டிய முதல் ஆள் அவன். மாலை மரியாதையோடு போளூர் வரைக்கும் ஜீப்பில் கொண்டுபோய் விட்டார்கள்.

"படிப்பு ரெண்டு வருஷம். முடிச்சா அங்கயே ரெண்டு வருஷம் வேலை பாக்க வுடுவாங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் ரெண்டு வருஷத்தைப் பாஞ்சாலை பொறுத்துக்கொள்வாள். அடுத்த ரெண்டையும்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிடுவாள். அந்த 'அப்புறம் பாத்துக்கலாம்' இருக்கிறதே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. போனவன் திரும்புவதைப் பற்றிப் பேசவே இல்லை, கவனித்தீர்களா? அவள் கவனித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தண்ணி டேங்க் மேட்டில் ஏறி நின்றால் செல்போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுதான் பேசுவாள். முதல் மாதம் அரை மணி பேசினான். மூன்றாம் மாதம் பத்து நிமிஷம். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு ஒரு நாள் "யா" என்றான். 'ஆமா' எங்கே போயிற்று? அந்த 'யா'வை அவள் மூன்று நாள் மென்றுகொண்டிருந்தாள்.

அவன் போன நாளிலிருந்து கடையில் பிரிட்டன் அரசியல்தான். முதல் பஸ் கண்டக்டர் சின்னராஜ் போளூரிலிருந்து பேப்பர் கொண்டுவருவான். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கோபால்சாமி இருந்தார். ஒரு தடவை வார்டு மெம்பராக இருந்தவர், மூன்று கட்சி மாறியவர். கூட்டணி சங்கதி எதுவானாலும் கடைசித் தீர்ப்பு அவருடையதுதான்.

"அவுங்க ஊர்லயும் கூட்டணி ஆட்சிதானாம்ணே" என்றான் சின்னராஜ்.

"எலக்சனுக்கு முன்னாடி சேந்தாங்களா, பின்னாடியா?"

"பின்னாடிதாண்ணே. எலக்சன்ல எதிரெதிரா நின்னாங்களாம்."

"எதிரெதிரா நின்னு திட்டிக்கினு, அப்பால கட்டிப் புடிச்சிக்கினாங்களா?" கோபால்சாமி டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "எழுதி வச்சிக்கோ. ஆறு மாசம் தாங்காது."

டிசம்பரில் டிவியில் ஒரே கூட்டம், கல்வீச்சு, போலீஸ் குதிரைகள். கூட்டணியில் இருக்கிற சின்னக் கட்சி, காலேஜ் ஃபீஸை ஏற்றமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததாம். ஆட்சியில் உட்கார்ந்ததும் மூன்று மடங்கு வரைக்கும் ஏற்றிக்கொள்ளலாம் என்று கை தூக்கிவிட்டதாம். பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். "வாக்குறுதியக் காப்பாத்தலன்னா ஊர்வலம்? அப்ப நம்மூர்ல தெனம் ஊர்வலம் போவணுமே" என்றார் கோபால்சாமி. கடையே சிரித்தது. பாஞ்சாலை மட்டும் கரண்டியைப் பிடித்தபடி அத்தனை முகத்திலும் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். எண்ணெயில் கிடந்த போண்டா கருகிப்போனது.

2011 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்பரசனின் குரல் உடைந்திருந்தது.

"சட்டம் மாத்தறாங்க பாஞ்சால. அடுத்த ஏப்ரலோட அந்த ரெண்டு வருஷ வேலைய நிறுத்தறாங்க. என் படிப்பு முடியறதே அதுக்கப்புறம் செப்டம்பர்லதான். முடிச்ச கையோட கெளம்ப வேண்டியதுதான்."

"ஐயோ மச்சான்" என்றது அவள் வாய். உள்ளேயோ ஏதோ துள்ளிக் குதித்தது. வந்துவிடுவான்! அடுத்த வருஷம் செப்டம்பர் முடிந்தால் வந்துவிடுவான்! டேங்க் மேட்டிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பாதி வழியில்தான் வெட்கம் வந்தது. கட்டினவன் அழுகிற குரலில் பேசுகிறான், நீ இங்கே சந்தோஷப்படுகிறாயா, ச்சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் சந்தோஷம் போகவில்லை.

கடையில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சின்னதம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கோபால்சாமிதான் தைரியம் சொன்னார். "இன்னும் ஒரு வருஷம் கெடக்குதுப்பா. அதுக்குள்ள கூட்டணி பொட்டுனு பூடும். ஆட்சி போனா சட்டமும் போச்சு. உம் மவன் அங்கயே இருப்பான், பாரு." ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். அன்றிலிருந்து தினம் காலையில் சின்னராஜ் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் "உடைஞ்சுதா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கூட்டணி நிற்கவேண்டும் என்று மலையிலேயே ஒரே ஒரு ஜீவன்தான் நினைத்தது. அது வாயைத் திறக்காமல் போண்டாவைத் திருப்பிக்கொண்டிருந்தது.

நினைத்தால் மட்டும் போதுமா? பாஞ்சாலை வேடியப்பன் கோயிலுக்குப் போனாள். பூசாரி வீரன் தீபம் காட்டிவிட்டு, "இன்னாம்மா வேண்டுதல்?" என்று கேட்டார்.

"வெளியூர் விஷயம் சாமி."

"வெளியூர்னா? போளூரா, கலசப்பாக்கமா?"

"அதுக்கும் அப்பால."

"வெவரமா சொல்லும்மா. நான் சாமிகிட்ட எடுத்துச் சொல்லணுமில்ல?"

"ரெண்டு குடும்பம் சேந்து இருக்குது சாமி. அவுங்க பிரியக்கூடாது. ஒரு சேவல் நேந்துக்கறேன்" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

மே மாதம் உயிரை எடுத்துவிட்டார்கள். ஓட்டுப் போடுகிற முறையை மாற்றலாமா வேண்டாமா என்று அந்த ஊரில் ஒரு ஓட்டெடுப்பு. பெரிய கட்சி வேண்டாம் என்றது, சின்னக் கட்சி வேண்டும் என்றது. ஒரே ஆட்சியில் இருந்துகொண்டு மேடை போட்டு அடித்துக்கொண்டார்கள். "முடிஞ்சுது! இனிமே ஒட்டாது" என்று கோபால்சாமி தொடையைத் தட்டினார். அன்றைக்குப் போண்டாவில் உப்பே இல்லை. சின்னக் கட்சி தோற்றது. தோற்றும் கூட்டணியை விட்டுப் போகவில்லை. மானம் ரோஷம் இல்லையா இவர்களுக்கு என்று பெஞ்சு காறித் துப்பியது. மகராசனாக இருக்கட்டும் என்றாள் பாஞ்சாலை மனசுக்குள்.

புரட்டாசியில் சின்னராஜ் இன்னொரு செய்தி கொண்டுவந்தான். "அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவதான் எலக்சன், நெனச்சப்போ கலைக்க முடியாதுன்னு சட்டமே போட்டுட்டாங்கண்ணே."

கோபால்சாமியின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. "கூட்டணி உடையாம இருக்கச் சட்டமா? அப்புறம் இன்னாத்துக்குடா கூட்டணி?"

பாஞ்சாலை அவருக்கு ஒரு போண்டா இனாமாகக் கொடுத்தாள். ஆறுதலுக்குத் தருகிறாள் என்று நினைத்து வாங்கிக்கொண்டார், பாவம்.

ஏப்ரல் வந்தது, சட்டமும் வந்தது. 2012 அக்டோபரில் ஒரு மத்தியானம் அன்பரசன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். இளைத்திருந்தான், ஒரு மாதிரி வெளுத்திருந்தான். மறுநாளே பாஞ்சாலை கோயிலில் சேவலைக் கொடுத்துவிட்டு, கறியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆக்கிப் போட்டாள். ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "அங்க கோழியில இந்த ருசியே இல்ல பாஞ்சால" என்றான். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வந்துவிட்டான். ஆனால் வந்தானா?

சாமையும் தேனும் விற்கிற சொசைட்டியில் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. போனான், வந்தான். பஸ் ஸ்டாப்பில் ஒரு கல்லின் பக்கத்தில் போய் வரிசையில் நிற்பான். வரிசை என்றால் அவன் ஒருத்தன்தான் வரிசை. மற்றவர்கள் பஸ் நிற்கும் முன்பே தொற்றி ஏறி, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பார்கள். பஸ் நிரம்பிப் போய்விடும். இவன் கல்லின் பக்கத்தில் நின்றபடியே நிற்பான். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். பாஞ்சாலைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்த பேப்பர் கட்டை ஒருநாள் பார்த்துவிட்டான். "எனக்காகவா சேத்து வச்ச?" என்றான். தலையை ஆட்டினாள். வேறென்ன சொல்ல? அதை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு தாளாக நீவி நீவிப் படித்தான். அப்புறம் கோபால்சாமியின் பெஞ்சில் அவனும் ஓர் ஆள் ஆகிவிட்டான். இந்த ஆட்சி போனால் திரும்பக் கதவு திறக்கும் என்று நம்பினான். 2015 எலக்சனுக்கு நாள் எண்ணினான். அவன் லண்டனில் இருந்தபோது அவள் அவனை நினைத்து ஏங்கினாள். இப்போது ஒரு முழம் தள்ளிப் படுத்திருக்கிறவனை நினைத்து ஏங்கினாள். எது கஷ்டம் என்று கேட்டால் ரெண்டாவதுதான். டேங்க் மேட்டில் ஏறினால் கிடைக்கிற சிக்னல்கூட அவனிடம் கிடைக்கவில்லை.

எலக்சன் நெருங்க நெருங்க அவனுக்கு உயிர் வந்தது. பழைய சர்டிபிகேட்டுகளை வெயிலில் காயவைத்தான். ஏதோ பாட்டை முனகினான். ஒருநாள் கோபால்சாமி சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்தான். ரெண்டரை வருஷத்தில் அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தாள். அடடா, இவன் சிரித்தால் கன்னத்தில் குழி விழுமே, அதையே மறந்துபோனோமே என்று நின்றுவிட்டாள். அந்தக் குழிக்காக அவளுக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்போல் இருந்தது.

மே ஏழாம் தேதி, அங்கே ஓட்டுப் போடுகிற அன்று, பாஞ்சாலை மறுபடியும் வேடியப்பன் முன்னால் போய் நின்றாள். பூசாரியிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்து டிவி ஓடியது. பெரிய கட்சி யார் தயவும் இல்லாமல் தனியாகவே ஜெயித்துவிட்டது. அதே ஆட்சி, அதே சட்டம், இன்னும் அஞ்சு வருஷம். சின்னக் கட்சியில் ஐம்பத்தேழு பேர் இருந்தது எட்டுப் பேர் ஆகிவிட்டது. "நான் அன்னிக்கே சொல்லல? கூட்டணிக்குப் போன சின்னக் கட்சி கதி எந்த ஊர்லயும் ஒண்ணுதான்" என்றார் கோபால்சாமி. சொல்லிவிட்டு அன்பரசன் முகத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

கடை காலியாகிவிட்டது. அணைத்த டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அன்பரசன். பாஞ்சாலை மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மச்சான், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ அங்க இருந்தப்போ அந்தக் கூட்டணி உடையக்கூடாதுன்னு வேண்டிக்கினவ நான்தான். வேடியப்பனுக்குச் சேவல் நேந்தேன்."

அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"நீ வந்ததும் ஆக்கிப் போட்டனே, ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டியே. அந்தச் சேவல்தான்."

திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப நேத்து கோயிலுக்குப் போனது?"

"நேத்து மாத்தி வேண்டிக்கினேன். அவுங்க தோக்கட்டும், நீ போவணும்னு. சாமிக்கே குழம்பிப் பூடுச்சோ இன்னாவோ."

"நான் போவணும்னா? நீயா?"

"பின்ன! ஆள் மட்டும் இங்க இருந்து இன்னா பிரயோஜனம்? உன் மூஞ்சிய இப்படியே பாத்துக்கினு இருக்க என்னால முடியல மச்சான்."

"போயிருந்தா நீ இன்னா பண்ணுவ பாஞ்சால?"

"இன்னா பண்ணுவேன்? இன்னொரு சேவல் வளக்க வேண்டியதுதான்."

அன்பரசன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது அழுகை. அவளுடைய முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பையனாக அவள் அப்பன் வீட்டு வாசலில் தடுக்கி விழுந்து அழுத மாதிரியே அழுதான். பாஞ்சாலை அவனை அழ விட்டாள். வெளியே மூணு மணி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது, யாரோ பார்சல் கேட்டார்கள். போண்டா இன்னும் போடவில்லை, அடுத்த பஸ்ஸுக்கு வாங்க என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள்.