ஒரு மாலைதான் பாக்கி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மார்கழி மாசம். திருவண்ணாமலையில தீபக் கூட்டமெல்லாம் வடிஞ்சு, ஆட்டோக்காரங்களே அக்கடான்னு உக்காந்திருந்த நேரம். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாண வீடியோ பண்றவங்க. அவர் எடுப்பார், நான் வேங்கிக்கால் வீட்டுல உக்காந்து எடிட் பண்ணுவேன். மார்கழியில முகூர்த்தம் கிடையாதே, வேலை ரொம்ப கம்மி.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஜாஸ்தி, முதல்லயே சொல்லிடறேன். பொண்ணு புருஷன் வீட்டுக்குக் கிளம்பற சீனை நான் வெட்டி ஒட்டி, வயலின் போட்டுக் குடுத்தேன்னா, அழாத பொண்ணு வீட்டுக்காரங்களே கிடையாது. உர்ருன்னு இருக்கற அப்பாக்களைக்கூட அழ வெச்சிருக்கேன். அதுல எனக்கு அவ்ளோ பெருமை.

அப்படி அழுத ஒரு மேடம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாங்க. செங்கம் ரோட்டுல, ஆசிரமமெல்லாம் தாண்டி, மாற்றுத்திறனாளிப் பொண்ணுங்களுக்காக ஒரு தையல்கூடம் நடத்தறாங்க. சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து பொண்ணுங்க வந்து துணிப்பை தைக்கறாங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்து, திரும்பக் கொண்டுபோய் விடற வேன் பழசாகி, மெக்கானிக்கே கையெடுத்துக் கும்பிட்டுட்டாராம். வேன் இல்லன்னா அத்தனை பேரும் வீட்டோட முடங்க வேண்டியதுதான். சக்கர நாற்காலியை எந்த பஸ்ல ஏத்தறது? வேனுக்கு உதவி கேட்டு ஒரு சின்ன வீடியோ வேணும்னாங்க.

"என் பொண்ணு கல்யாண வீடியோவைப் பாத்து எப்படி அழுதேன் தெரியுமாம்மா? அதே மாதிரி பண்ணிக் குடுங்க"ன்னாங்க. சும்மாவே பண்ணித் தரேன்னுட்டேன். பெரிய புண்ணியம் பண்றோம்னு நினைப்பு வேற.

வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்ததால நானே கேமராவைத் தூக்கிட்டுப் போனேன். வேன் ஓடாததால பக்கத்துல இருக்கறவங்க மட்டும்தான் வந்திருந்தாங்க. வீடியோவுக்காகன்னு ஒரு பொண்ணை மட்டும் அவங்க அம்மா ஆட்டோவுல கூட்டிட்டு வந்திருந்தாங்க. இருபத்தஞ்சு வயசு இருக்கும். சின்ன வயசுலேர்ந்தே நடக்க முடியாது. புது சுடிதார், காதுல ஜிமிக்கி, தலை நிறைய கனகாம்பரம். வாயும் கொஞ்சம் நீளம். "அக்கா, ஃபேனை நிறுத்துங்க, நூல் பறக்குது. நீங்க வேர்த்தா பரவால்ல, பை கோணலாச்சுன்னா மேடம் மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லுவாங்க"ன்னு தைச்சுக்கிட்டே என்னை விரட்டினா. கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா எனக்குத் திருப்தியே இல்ல. இவ்ளோ குஷியா இருந்தா யார் உதவி பண்ணுவாங்க?

"கொஞ்சம் பூவை எடுத்துடும்மா. ஜிமிக்கியும் வேணாம்"னேன்.

அவ என்னைப் பாத்தா, அம்மாவைப் பாத்தா. ரெண்டையும் கழட்டி அம்மா கையில குடுத்தா. ஜன்னலோரமா உக்கார வெச்சு, மலையைப் பாரு, சிரிக்காதன்னேன். பாவம், அப்படியே உக்காந்திருந்தா. அம்மா அந்தப் பூவைக் கையில வெச்சுக்கிட்டு ஓரமா நின்னுட்டிருந்தாங்க.

மூணு நாள் உக்காந்து எடிட் பண்ணேன். என் கைவரிசை மொத்தத்தையும் காட்டினேன். கடைசியில அவ முகம் மெதுவா கறுப்பு வெள்ளையா மாறும், அப்படியே உறைஞ்சு நிக்கும், பின்னாடி வயலின் இழுக்கும். எனக்கே கண்ணு கலங்கிச்சு.

தையல்கூடத்து டிவியில போட்டுக் காட்டினேன். மேடம், அந்தப் பொண்ணு, அவ அம்மா, பக்கத்துலேர்ந்து வர்ற நாலஞ்சு பொண்ணுங்க, எல்லாரும் உக்காந்திருந்தாங்க. வீடியோ முடிஞ்சது. சரி, அழப் போறாங்கன்னு காத்துட்டிருந்தேன். அவ அம்மா எழுந்து டிவிகிட்ட போய் அந்த முகத்தையே பாத்தாங்க. திரும்பி வந்து பொண்ணு தோளைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க.

"ஏம்மா, இந்த மாதிரி படம் செத்தவங்களுக்குத்தானே போடுவாங்க?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அந்தப் பொண்ணு சிரிக்க ஆரம்பிச்சிட்டா. "அக்கா, ஒரு மாலைதான் பாக்கி! கீழ தோற்றம், மறைவுன்னு ரெண்டு தேதி போட்டா, பஸ் ஸ்டாண்டுல ஒட்டிடலாம்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சுர்ருன்னு கோவம். சும்மா பண்ணிக் குடுத்தா இதுவும் பேசுவீங்க இன்னமும் பேசுவீங்கன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே, "பாத்தா பாவமா இருந்தாதான்ம்மா ஜனங்க குடுப்பாங்க"ன்னேன்.

அவ சிரிப்பு நின்னுடுச்சு.

"பாவம்னு ஒரு நாளைக்குக் குடுப்பாங்கக்கா. எனக்கு வேன் தினமும் வரணும். நான் வேலைக்குப் போறவள்னு தெரிஞ்சாதானே, இவளுக்கு வண்டி வேணும்னு தோணும்?"

மேடம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவ அம்மாதான் மெதுவா சொன்னாங்க. "அன்னைக்குப் பூவை எடுக்கச் சொன்னப்பவே கேட்டிருக்கணும். வீடியோக்காரங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."

அந்த வார்த்தையில நான் கூனிக் குறுகிப் போயிட்டேன். வயசுப் பொண்ணு தலையிலேர்ந்து பூவை எடுன்னு சொல்ல எனக்கு எப்படித்தான் வாய் வந்துச்சோ! கல்யாண வீட்டுல இப்படிச் சொல்லியிருந்தா துடைப்பத்தாலயே அடிச்சுத் துரத்தியிருப்பாங்க. "மன்னிச்சிடுங்கம்மா"ன்னு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து, வேஸ்ட்டுனு ஒதுக்கி வெச்சிருந்த கிளிப்பையெல்லாம் திறந்தேன். நல்லவேளை, அழிக்கல. அத்தனையும் அவதான். நூலுக்குச் சண்டை போடறா, என்னை விரட்டறா, கோணலா தைச்ச பக்கத்துப் பொண்ணைக் கிண்டல் பண்றா, தைச்ச பையை உதறிப் பாத்து "ம், பரவால்ல"ன்னு தனக்குத் தானே சொல்லிக்கறா. இத்தனையும் கையில வெச்சுக்கிட்டா நான் ஜன்னலையும் மலையையும் தேடினேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

ரெண்டு முழம் கனகாம்பரம் வாங்கிட்டு அவ ஊருக்கே போனேன். "லஞ்சமாக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே வெச்சுக்கிட்டா. கடைசி ஷாட்டை அவளே சொன்னா. காலையில குளிச்சு, ஜிமிக்கி போட்டு, மடியில டிபன் பாக்ஸோட வாசல்ல ரெடியா உக்காந்திருக்கா. தெருக்கோடியைப் பாக்கறா. வேன் வரல. அவ்ளோதான். வயலின் கிடையாது, தையல் மெஷின் ஓடற சத்தம் மட்டும். மொத்தமும் கலர்ல.

மேடம் அதைத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போன்ல அனுப்பினாங்க. ஆசிரமத்துப் பக்கம் பை வாங்கிட்டுப் போனவங்க, ஊருக்குள்ள கடை வெச்சிருக்கறவங்கன்னு முகம் தெரியாதவங்கல்லாம் உதவினாங்க. சித்திரையில வேன் வந்துடுச்சு, சக்கர நாற்காலி நேரா ஏறற மாதிரி பலகை வெச்சு. முதல் நாள் அதுல அவ ஏறினப்ப நான்தான் வீடியோ எடுத்தேன். அவளுக்குக் கையாட்டினதுல பாதி படம் ஆடிப்போச்சு. அதையும் நான் வெட்டல.

இப்பவும் அந்த வேன் வேங்கிக்கால் வழியாத்தான் போகும். நான் வாசல்ல நின்னா போதும், ஜன்னல்லேர்ந்து தலையை நீட்டி, "அக்கா, மாலை ரெடியா?"ன்னு தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துவா. நானும் விடாம, "உன் கல்யாணத்துக்குத்தான்டி, சொல்லி வெச்சிருக்கேன்"னு திருப்பிக் கத்துவேன். இன்னைக்கும் யார் முகத்தையாவது கறுப்பு வெள்ளையா மாத்தப் போனா என் கை தானா நின்னுடுது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரங்க பக்கத்துல உக்காந்து பாத்தா என்ன சொல்லுவாங்கன்னு ஒரு தடவை கேட்டுக்கிட்டுதான் அடுத்த வேலையைப் பாக்கறேன்.