கடைச்சாவியும் ஒரு சிறு கல்லும்

வாடிக்கையாளர் முன் ஒரு பட்டுச் சேலையை உதறி விரித்தபோதுதான் அது வந்தது. வலது விலாவுக்குக் கீழே ஒரு முறுக்கு. முதுகில் தொடங்கி அடிவயிறு வரை ஒரே இழுப்பு. முந்தானையைப் பிடித்தபடியே கடையில் மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

"க்யா ஹுவா அக்கா?" என்று ஓடிவந்தாள் என்னோடு வேலை பார்க்கும் நூர்ஜஹான். விலாவைக் கையால் அழுத்திக் காட்டினேன்.

சிவாஜிநகரில் அந்தச் சேலைக்கடையில் பெண்கள் நாங்கள் நான்கு பேர். மாடியில் ஒரு கழிப்பறை உண்டு. சாவி கடை முதலாளி சேட்டின் இடுப்பில். அவரிடம் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, காலையில் கடை திறந்தால் அடைக்கும்வரை தண்ணீரே குடிக்காமல் பழகியிருந்தோம். வருடக்கணக்காக. அதைச் சாமர்த்தியம் என்றுகூட நினைத்தோம்.

ஸ்கேனில் தெரிந்தது: யூரிட்டரில் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்) பச்சைப்பயறு அளவில் ஒரு கல். மூன்று வாரத்தில் தானாக இறங்காவிட்டால் உள்ளே கருவி விட்டு எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"உப்பு சேர்ந்துதானே கல்லு?" என்றேன்.

"உப்பு மட்டும் இல்லம்மா. உங்க சிறுநீரகமே சில புரதங்களைச் சுரக்குது. உப்புத் துகள் மேல அது போர்வை மாதிரி படியும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம வழுக்கி வெளியே போயிடும். தண்ணி கொறைஞ்சா அதே புரதம் திரண்டு பசையாயிடலாம். துகளையெல்லாம் சேர்த்துக் கட்டிடும்."

"சேலைக்குக் கஞ்சி போடற மாதிரி! நீர்க்கப் போட்டா மடிப்பு அழகா விழும். கெட்டியாப் போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அவ்ளோதான். கஞ்சிய நீர்க்க வைங்க. ஸ்வல்ப ஸ்வல்பமா, கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூரா தண்ணி. கல்லு வந்தா துணியில வடிகட்டிக் கொண்டு வாங்க."

நாள் பூரா என்றால் கடையிலும்தான்.

ஜீவனஹள்ளி வீட்டில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "போய்க் கேளு. சாவிதானே, கிரீடமா?"

மறுநாள் கேட்டேன். "சேட்டு, அந்த மாடிச் சாவி வேணும்."

"அங்க சுத்தமா இல்லியேம்மா," என்று இழுத்தார்.

"நாங்க கழுவிக்கிறோம் சேட்டு, நீங்க சாவிய மட்டும் கழட்டுங்க," என்றாள் நூர்ஜஹான். துணி வாங்க வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அவர் காது சிவக்க, சாவியைக் கழற்றிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார்.

அன்று நான்கு பேரும் குடித்தோம். தொண்டையில் மழை இறங்குவதுபோல் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், மாடியில், சுருக்கென்று ஒரு குத்தல். வடிகட்டப் பிடித்த மெல்லிய மல்மல் துணியில் அந்தக் கல் கிடந்தது. பழுப்பாக, முள் முள்ளாக. படிகளில் ஏறக்குறையப் பறந்து இறங்கினேன். ஜரிகை பார்க்கும் வெளிச்சத்தில் வைத்து நான்கு பேரும் குனிந்து பார்த்தோம்.

"இத்தினூண்டா? இதுக்கா அக்கா அந்தக் கூத்து!" என்றாள் நூர்ஜஹான்.

கொண்டுபோய்க் காட்டியபோது, அந்தத் துளிக் கல்லுக்குள்ளும் உப்பு அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய புரதப் பசை ஓடுகிறது என்றார் டாக்டரம்மா. என் உடம்பு என்னைக் காக்கச் சுரந்ததுதான். தண்ணீர் கொடுக்காதவள் நான்.

இதே முறுக்கோடு இதை வாசிக்கிறவர்களே, டாக்டரைப் பாருங்கள். கூச்சத்தை ஆணியில் மாட்டிவிடுங்கள். எனக்கு இப்போது கடிகாரம் வேண்டாம். டம்ளர் டம்ளராகத்தான் பொழுது நகர்கிறது. உள்ளே ஏதோ வழுக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது என்ற நினைப்பே தாலாட்டு.

ஆணியில் சாவி இல்லையென்றால் எங்களில் ஒருத்தி மாடியில் இருக்கிறாள். அதற்குள் அடுத்தவள் ஒரு டம்ளர் குடித்து வைக்கிறாள்.