தூங்குமூஞ்சி அண்ணன் அருவி பார்த்த கதை

அவர் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். வண்டி நின்றதும் கடைசி நீள இருக்கையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி அண்ணன். அவர் கோபித்துக்கொண்டதில்லை. அடுத்த ஊருக்கு ஏழெட்டு மணி நேரம் ஓட்ட வேண்டியவன் இடையில் கண்ணை மூடாவிட்டால் பின்னால் இருக்கும் நாற்பது பிள்ளைகளின் கதி என்ன என்பது அவருடைய நியாயம். பத்தொன்பது வருடங்களாகக் கடற்கரை, மலை, காடு என்று நாடு முழுக்கச் சுற்றியிருந்தார். பார்த்ததெல்லாம் வண்டி நிறுத்தும் இடங்களைத்தான்.

அந்த வருடம் தாவரவியல் மாணவர்களோடு ஒன்பது நாள் பயணம். நான்காம் நாள் காலை ஒரு காட்டு அருவிக்கு வந்தார்கள். முந்தைய நாள் வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு மாணவி மட்டும் வண்டியிலேயே இருந்துவிட்டாள். மற்றவர்கள் இறங்கியபோது சிரித்தபடிதான் கையசைத்தாள். அவர்கள் தலை மறைந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படுத்திருந்தவருக்கு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மெல்லப் பேச்சுக் கொடுத்தார். அந்த அருவிக்கரைப் பாசிகளைப் பற்றித்தான் அவள் கட்டுரை எழுத வேண்டுமாம். மூன்று மாதமாகப் படத்தில் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தாளாம்.

“நீங்க எத்தனையோ தடவ பார்த்திருப்பீங்க. எப்படிண்ணே இருக்கும்?” என்று கேட்டாள்.

“சத்தம் கேட்டிருக்கேம்மா. பார்த்ததில்ல.”

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. எழுந்து துண்டை மடித்துவைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய், வண்டி நிறுத்துமிடத்து டீக்கடைக்காரரை அவர் கடை நாற்காலி ஒன்றோடு அழைத்து வந்தார். மாணவியை அதில் உட்காரவைத்து இருவருமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஈரமான பாதை. மூன்று இடங்களில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். தன் கடைக்கு வந்தவர்களில் நாற்காலியை விட்டு எழாமலே ஊர் சுற்றியவள் இவள் ஒருத்திதான் என்று கடைக்காரர் கிண்டல் செய்தார்.

மரங்கள் விலகின. சாரல் முகத்தில் அடித்தது. தோழிகள் ஓடிவந்து அவளைப் பாறையோரம் கொண்டுபோனார்கள். அவள் லென்ஸை எடுத்துப் பாசியில் மூழ்கிவிட்டாள்; அருவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டும்வரை.

திரும்பி வந்ததும் பேராசிரியரிடம் போய், இன்று தூங்கவில்லை, இரண்டு மணி நேரம் படுத்து எழாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்றார். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். மாணவியின் முகத்தையும் பார்த்தார். சரி, தூங்குங்கள் என்றார். நாற்பது பேரும் மூச்சுக் காட்டாமல் மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

படுப்பதற்கு முன் அவர் மனைவிக்குப் போன் செய்தார். அருவி பார்த்தேன் என்றதும், உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று மனைவி பதறினார்.

“நல்லாத்தான் இருக்கேன். அடுத்த மாசம் ரெண்டு பேரும் வருவோம்.”

“வண்டிய யாரு ஓட்டுவா?”

“வேற யாராவது ஓட்டட்டும். நான் உன் பக்கத்துல உட்கார்ந்து வரேன்.”

சொன்னபடியே போனார்கள். வழிநெடுக, அந்த ஓட்டுநர் பிரேக் பிடித்த இடத்திலெல்லாம் இவருடைய வலது காலும் தரையை அழுத்தியதாம். மனைவி இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.