வேர்வை வராத பிள்ளைக்கு அடைத்த பின்வாசல்

சித்திரை வெயிலில் வெந்து கிடக்கும் சிமெண்டுத் தரையில் ஒரு குடம் தண்ணீரை வீசி ஊற்றினால் முதலில் 'சுர்'ரென்று ஒரு சத்தம் வரும், அடுத்த மூச்சில் புழுதி வாசனையோடு ஒரு வெக்கை எழும்பி முகத்தில் அடிக்கும், அதற்கும் பிறகுதான் காலடியில் கொஞ்சம் குளிர்ச்சி தெரியும். அந்தக் கொஞ்ச நேரக் குளிர்ச்சியை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு பிள்ளையை வளர்த்தேன். சிறுவயது நினைவு என்று எல்லோரும் தங்கள் சிறுவயதைத்தான் எழுதுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்று களை வெட்டப் போன என் சிறுவயதில் எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். ஆனால் என் மகள் தேன்மொழியின் சிறுவயதில், தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கோடை வந்தது. அவளுக்கு அது பாதி நினைவில்லை. அவள் அப்பா இப்போது உயிரோடு இல்லை. நான் சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கம். வெள்ளாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்ததைவிட மணல் பறந்து பார்த்ததுதான் அதிகம். என் வீட்டுக்காரர் என் தாய்மாமன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு அவர் 'மாமா'தான். தேனு எங்களுக்கு ஒரே பிள்ளை. பிறந்தபோதே தலையில் முடி குறைச்சல். பல்லும் நாள் தள்ளி, ஒன்றிரண்டாக, அதுவும் கூர் கூராக முளைத்தது. வெயில் காலம் வந்தால் காய்ச்சல் வரும், எந்த மருந்துக்கும் இறங்காது, கண் மேலே சொருகிக் கை கால் வெட்டி இழுக்கும். மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம், மொட்டை போட்டோம். களை வெட்டும் இடத்தில் பெண்கள், "அடி ஆத்தி, ஒம் மவ மேலுல ஒரு பொட்டு வேர்வை இருக்கா பாரு, ராசாத்தியாட்டம்ல பெத்து வச்சிருக்க!" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் திருச்சியில் ஒரு டாக்டர் பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்கு வேர்க்கவே வேர்க்காதும்மா. பொறப்பே அப்படி. இதுக்கு மருந்து இல்ல. வெயில்ல விடாதீங்க, ஒடம்ப நனைச்சுக்கிட்டே இருங்க. சூடு தலைக்கு ஏறிட்டா உசுருக்கு ஆபத்து." கன்னத்தை வழித்த அந்தக் கைகள் எல்லாம் அப்போது என் கண் முன்னால் வந்தன.

அப்போது எங்களுக்குப் புது மாடி வீடு. முன்வாசல் மேற்கே பார்த்தது; பின்வாசலில், எங்கள் பேச்சில் 'பொறவாச', ஒரு சிமெண்டுத் தளம், மேலே கூரையில்லாமல் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். காலையில் வெயில் அதில் நேராக விழும், ஒதுங்க இடமில்லை. மத்தியானத்துக்கு மேல் வீட்டின் நிழல் சாய்ந்ததும் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நேர்க்காற்று ஓடும். அந்த நிழலில் தேனுவை உட்கார வைத்து, நைந்த நூல் சேலையை நனைத்துச் சுற்றிவிடுவேன். காற்றில் துணி காயக் காயப் பிள்ளையின் சூடு இறங்கும். காய்ந்ததும் மறுபடி நனைப்பேன். துணி சீக்கிரம் காய்கிற நாள் நல்ல நாள் என்பது எனக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது; ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் நனைத்த சட்டையோடுதான் போவாள். "நனைஞ்ச கோழி வருதுடோய்" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவள் சளைக்க மாட்டாள். "எனக்குத் தெனமும் மழ பெய்யுதுடா, ஒனக்குப் பெய்யுதா?" என்பாள், அந்த நாலைந்து கூர்ப்பல்லையும் காட்டிக்கொண்டு.

மாமா அப்போது மஸ்கட்டில் கட்டட வேலை. அந்த வருஷம் மாசி மாதம் லீவில் வந்தவர், பெட்டியை இறக்கி வைத்த கையோடு பின்வாசலில் போய் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்தக் கோடைக்கு எம் பொண்ணு மேல ஒரு பொட்டு வெயில் படக்கூடாது புள்ள" என்றார். மறுநாளே 'ஹாலோ பிளாக்' கல் வந்து இறங்கியது. கொத்தனாரும் அவரே, சித்தாளும் அவரே. மூன்று பக்கமும் சுவர் எழுப்பி, மேலே சிமெண்டு 'சீட்டு' போட்டார். கொல்லைக்குப் போக ஒரு கதவு வையுங்கள் என்று நான் மெல்லச் சொன்னதற்கு, "கதவு வச்சா அது வழியா அனல் வரும்" என்றார். கண்ணாடி பதித்த ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் திறக்க முடியாதது. சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தாலும் கலவை வைத்து அடைத்தார்; மிச்சம் தெரிந்த இடத்தில் பழைய கைலியைக் கிழித்துச் செருகினார்.

மஸ்கட்டில் அவரோடு ஒரே அறையில் இருந்த காசிம் பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர், பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று சிரித்தார். "என்ன மச்சான், அங்க விட்டுட்டு வந்த ரூமை அப்படியே பேத்து எடுத்தாந்துட்டியா? எட்டுப் பேரு எங்க படுக்கறது?"

"சிரிக்காத பாய். வெளிய நெருப்பா கொட்டுறப்பவும் அந்த ரூமுக்குள்ள போர்வை கேட்டமா இல்லையா? எப்படி? ஒரு ஓட்ட இல்லாம டேப்பு ஒட்டி வச்சிருந்தான் அரபி."

"அல்லாவே! அங்க ஏசி ஓடுச்சுப்பா."

"நானும் கூலர் வாங்கியிருக்கேன்ல."

காசிம் பாயும் ஒரு கை கலவை அள்ளி, விட்டுப்போன ஒரு சந்தில் அப்பிவிட்டுத்தான் டீ குடித்தார். அவர்கள் இரண்டு பேரும் அத்தனை வருஷம் வெயிலைக் கண்டது மஸ்கட்டில். வெயிலுக்குத் தப்பியதும் அந்த ஊர் அறைக்குள்தான். அடைத்தால் குளிரும் என்பது அவர்கள் உடம்பு கண்ட உண்மை. அதை யார் பொய் என்று சொல்ல முடியும்?

கூலர் என்பது தகரப் பெட்டி மாதிரி. அடியில் தண்ணீர் ஊற்றினால் விசிறி ஈரக்காற்றைத் தள்ளும். முதல் நாள் காலையில் அதைப் போட்டதும் தேனு அதன் முன்னால் நின்று வாயைத் திறந்து 'ஆ'வென்று கத்திக் கத்திச் சிரித்தாள். தலையில் இருந்த அந்தக் கொஞ்ச முடியும் பறந்தது. மாமா அவளைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. யாராவது வீட்டுப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால், "ஏய், கதவச் சாத்து, குளிர் வெளிய போயிடும்!" என்று அதட்டுவார். எங்கள் தெரு முழுக்க அந்த அதட்டலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

நாலைந்து நாளில் அறைக்குள் தரை பிசுபிசுத்தது. சுவரில் ஈரம் பூத்தது. "அம்மா, துணி கனக்குதும்மா" என்றாள் தேனு. தொட்டுப் பார்த்தேன், எப்போதோ நனைத்துப் போட்ட சேலை அப்படியே சொதசொதவென்று இருந்தது. மாமாவிடம் சொன்னேன். "காயலன்னா நல்லதுதான புள்ள, ஒனக்குத் தண்ணி ஊத்துற வேல மிச்சம்" என்று சிரித்தார். வெயில் முற்ற முற்றப் பிள்ளை சோர்ந்துகொண்டே வந்தாள். அவர் கூலரில் இன்னும் தண்ணீரை ஊற்றினார், மேலும் ஒரு கைலியைக் கிழித்தார்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. அன்று மத்தியானம் நான் அடிபம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். பின்வாசல் அறைக் கதவை ஒட்டி மாமா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாத, நல்லாத் தூங்குது. சோறு கூட கேக்கல" என்றார். உள்ளே கூலர் ஓடிக்கொண்டிருந்தது. பசி பொறுக்காத பிள்ளை அவள். எனக்குக் குடத்தை எங்கே இறக்கினேன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தேன். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. தேனு கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தாள், வெள்ளைவிழி மட்டும் தெரிந்தது. மேலே சுற்றியிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துணிக்கு உள்ளே கையை விட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல். கால் கை வெட்டி இழுத்தது.

அள்ளிக்கொண்டு நடுவீட்டுக்கு வந்தேன். முன்வாசலில் மேற்கு வெயில் உள்ளே வரை நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நிழலும் காற்றும் பின்வாசலுக்கு அந்தப் பக்கம், கொல்லையில் இருந்தன. நடுவே அவர் கட்டிய சுவர் நின்றது. ஒரு இலை அசைகிற காற்றுகூட வீட்டுக்குள் இல்லை. கூசிக் கூசியே காலத்தைத் தள்ளிய நான் தெருவே கேட்கும்படி கத்தினேன்: "மாமா, செவுத்த இடிங்க! எம் புள்ள செத்துப் போவுது, இடிங்க மாமா!"

அவர் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்தார். ஒவ்வொரு கல்லாக அவர் கையால் அடுக்கிய சுவர்; முதல் குத்தில் அதிர்ந்தது, அடுத்த குத்துகளில் ஒரு கல் கொல்லைப் பக்கம் விழுந்தது, பிறகு காலால் உதைத்தார், தோளால் மோதினார். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் காற்று வீட்டுக்குள் புகுந்தது. நான் பிள்ளையைக் கொண்டுபோய் அந்தக் காற்றில் கிடத்தினேன். மாமா இடிந்த கல்லின் மேலேயே உட்கார்ந்தார். தலையிலிருந்து கால் வரை அவருக்கு வேர்வை ஊற்றியது. அவர் தன் நெற்றியை வழித்தார், அந்த வேர்வையைப் பிள்ளையின் நெற்றியில் தடவினார். கழுத்தை வழித்து அவள் கழுத்தில் தடவினார். மார்பை வழித்து வழித்து அவள் வயிற்றில் தடவினார். பக்கத்தில் நான் கொண்டுவந்த குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. "எனக்கு இவ்வளவு வருதே, எனக்கு இவ்வளவு வருதே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சுற்றிய துணியின் முந்தானை லேசாகக் காய்ந்து படபடத்தபோதுதான் தேனு முனகினாள். கண்ணைத் திறந்து, இடிந்த சுவரையும் அப்பாவையும் பார்த்து, "அப்பா, குளிர் வெளிய போயிடுச்சே" என்றாள். அவர் அப்படியே குப்புறக் கவிழ்ந்து அழுதார். வேன் பிடித்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்து வந்தாள்.

மீதிச் சுவரையும் அவர் இடுப்பளவுக்கு இறக்கினார். மேலே கோழி வலை கட்டி, சீட்டின் மேல் கீற்றுப் பரப்பி, கிழக்கே கோணிச் சாக்கு தொங்கவிட்டார். காலை வெயிலுக்குச் சாக்கை இறக்கி நனைப்போம்; நிழல் சாய்ந்ததும் சுருட்டிவிடுவோம். அதுதான் பின்வாசலை நாங்கள் அடைத்த விதமாக நிலைத்தது. அதற்காக எங்கள் பயம் போய்விடவில்லை. மாமா திரும்ப மஸ்கட்டுக்கு ஏறிப் போனார், போனில் முதல் கேள்வியாக "துணி காயுதா?" என்றுதான் கேட்பார். தேனு பன்னிரண்டாவது முடிக்கும்வரை ஒவ்வொரு சித்திரையும் எனக்கு ஒரு பிரசவம்.

இப்போது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பின்வாசலை அடைத்து ஏசி வைத்துவிட்டார்கள். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்கிறது. எங்கள் வீட்டில் சாக்கு மக்கி உதிர்ந்துவிட்டது, வலை துருப்பிடித்துப் போனது, போன புயலில் சீட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. சிமெண்டுத் தரையில் குட்டிக் குட்டியாகப் பதிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து போகும் தேனுவின் அந்த ஈரக் கால்தடங்கள் இல்லை.

தேனு பிழைப்பதற்கு ஊட்டிப் பக்கம் போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோடையில் அவள் இங்கே வரக்கூடாது. நான் அங்கே போனால் என் முழங்கால் தாங்காது. போன கத்திரியில், இங்கே காக்கை கூடப் பறக்காத ஒரு மத்தியானம், போன் பண்ணினாள். அங்கே மழையாம். "அம்மா, ரொம்பக் குளிருதும்மா, வெரலெல்லாம் வெறச்சுப் போச்சு" என்றாள். பெற்ற நாள் முதலாக அவள் உடம்பிலிருந்து துணியை விலக்கவும் நனைக்கவும்தான் என் கை பழகியிருந்தது. குளிர்கிற பிள்ளைக்குத் தாய் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

"நல்லா இழுத்துப் போத்திக்கடி" என்றேன்.