கொம்பியூட்டர் அடித்த மணி

பேய் பார்த்தேன் என்று சொல்கிறவனை நான் ஆளாக மதித்ததே கிடையாது. யுத்தம் முடிந்த பிறகு வன்னியை விட்டு வெளிக்கிட்டு, கற்பிட்டியில் வெங்காயம் பிடுங்கி, பாலாவியில் உப்பு அள்ளி, லொறிகளில் படுத்து எழும்பியவன் நான். பிணங்களுக்குப் பக்கத்திலும் படுத்திருக்கிறேன், ஒன்றுகூட எழும்பி என்னிடம் தண்ணீர் கேட்டதில்லை. ஆகவே சிரிப்பதென்றால் சிரியுங்கள். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

மாம்புரிக்கு அங்கால் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பேர்சி அண்ணன் என்பவர், வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் முட்டை அட்டைகளை ஒட்டிவிட்டு அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தார். எனக்கு வேலையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். பாட்டுச் செய்யும் மென்பொருளை ஃபோனில் பார்த்துப் பிடித்துக்கொண்டேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரையில் கட்டம் கட்டமாகக் கோடு இருக்கும், மவுஸால் ஒரு பச்சைக் கட்டையை வைத்தால் அந்த இடத்தில் ஒரு சுரம் கேட்கும், இழுத்தால் நீளும், கட்டைக்குக் கீழே நிற்கும் குச்சி எவ்வளவு பலமாக அடிப்பது என்று சொல்லும். மிடி என்பது இவ்வளவுதான். இதற்கே அந்த ஊர்ப் பாடகர் குழு என்னை விஞ்ஞானி மாதிரிப் பார்த்தது. அவர்களில் ஒருவருக்கும் தாளத்தில் பாடத் தெரியாது, அது வேறு கதை.

அந்த வருடம் ஊர் மாதா கோயில் மணி வெடித்துப்போயிருந்தது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு மணி இல்லாமல் முடியாது என்று சுவாமியார் சொல்ல, கொம்பியூட்டரிலேயே அடிக்கலாம் என்று பேர்சி அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"பிழைச்சுதெண்டா பாயைச் சுருட்டிக்கொண்டு வெளிக்கிடு. ஊருக்கு முன்னால நான் நாற ஏலாது."

"மணிதானே அண்ணை. மாட்டுக் கழுத்திலயும் கிடக்கு."

வாய்தான் அப்படி. மழை தொடங்கியிருந்தது, எனக்கு வேறு கூரை கிடையாது. அதனால் கவனமாகவே செய்தேன். கொடிப் பாட்டுக்கு அடியில் மணிக்கென்று ஒரு வரிசை போட்டு, ஒரே இடைவெளியில், ஒரே பலத்தில் கட்டைகளை வைத்தேன். பாட்டு முடியும் இடத்தில் மணியும் முடியும், அதற்குப் பிறகு வெறும் கட்டம். கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், பேர்சி அண்ணனும் பார்த்தார். நம்பினால் நம்புங்கள், அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

கொடியேற்றத்தன்று பின்னேரம் கோயில் முற்றம் நிறைந்திருந்தது. பாட்டும் மணியும் கொம்பியூட்டரிலிருந்து ஒலிபெருக்கியில் சோக்காகப் போனது, பேர்சி அண்ணன் தானே மணியை வார்த்தவர் மாதிரி நின்றார். பாட்டு முடிந்தது. கயிறு இழுத்தவர் மெத்தனம், கொடி இன்னும் பாதியில். நான் நிறுத்தக் கையை வைக்கப் போனேன், அப்போது ஒரு மணி அடித்தது. தனியாக. நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுச் சிலுவை போட்டார்கள், கொடி இழுத்தவர் கயிற்றோடு அப்படியே நின்றுவிட்டார்.

கோயில் கூட்டித் துடைக்கும் ரீற்றா அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தா. "ஆருக்கு?" என்றா.

"என்ன ஆருக்கு?"

"துக்கமணியெல்லோ அடிக்கிறாய். ஆரடா செத்தது?"

நான் சைவக்காரன், துக்கமணி எப்படி அடிப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன், நிற்கவில்லை, இன்னும் ஒன்று அடித்தது. வயரைப் பிடுங்கி எறிந்தேன், அப்போதுதான் நின்றது.

பிறகு நடந்ததுதான் கூத்து. அந்த ஊர் தன் ஆட்களை எண்ணத் தொடங்கியது. திருவிழா என்று ஒருவரும் கடலுக்குப் போகவில்லை, படுக்கையில் கிடந்தவர்களையும் போய்த் தட்டிப் பார்த்தார்கள், இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்களுக்குக்கூட ஃபோன் எடுத்தார்கள். ஒருவரும் சாகவில்லை. அதில் சிலருக்கு ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

"எல்லாரையும் எண்ணியாச்சு," என்றா ரீற்றா அக்கா. "உன்னைத்தான் தம்பி ஒருத்தரும் எண்ணயில்லை."

பேர்சி அண்ணன் பாயைக் காலால் தள்ளிவிட்டார். வெளிக்கிட முதல் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பாட்டுக்கு அப்பால், வெறுமையாக இருந்த இடத்தில், தூரத் தூரக் கட்டைகள். மவுஸால் நான் வைத்தவற்றுக்குக் குச்சிகள் எல்லாம் ஒரே உயரம். இவற்றுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், கயிறு இழுக்கிற கை களைத்துக்கொண்டு போவது மாதிரி. கையால் வாசித்தால்தான் இப்படி விழும், கொட்டிலில் வாசிக்கிற கீபோர்டே கிடையாது. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மழைக்குள் இறங்கினேன்.

ரீற்றா அக்கா இடைக்கிடை ஃபோன் எடுப்பா. ஆத்துமாக்கள் திருநாளுக்கு, செத்தவர்களுக்குக் கொளுத்துகிறதோடு எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறாவாம்.

"நான் உயிரோடதான் இருக்கிறன் அக்கா."

"ஓம் தம்பி. நீ வயரைப் புடுங்கினாய்தானே, மணி பாதியில நிண்டிட்டு. அதாலதான் இருக்கிறாய்."

படிப்பறிவில்லாத கதை. அழித்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று ஒருநாள் பாலாவியில் ஒரு கூட்டாளியின் கொம்பியூட்டரில் திறந்தேன். அடிக்காத மணிகள் அப்படியே வரிசையில் நின்றன. அழிக்க ஒரு கட்டையைத் தொட வேண்டும். தொட்டால் அந்த மென்பொருள் அந்தச் சுரத்தை ஒருமுறை அடித்துக் காட்டித்தான் விடும்.

"சத்தத்தை அடைச்சுப்போட்டு அழியன், விசரா," என்றான் கூட்டாளி.

முழுக் கதையையும் சொல்லிவிட்டு, "இந்தா, நீயே அழி," என்று மவுஸை அவன் பக்கம் தள்ளினேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கையை மட்டும் நீட்டவில்லை.